ஊர் காலியான ஆண்டுகள்: ஐதர் அலியின் 1780ஆம் ஆண்டுப் போர் முடிவும் காஞ்சி வட்டாரமும்

1780ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மைசூர் ஆட்சியாளர் ஐதர் அலி செங்கம் கணவாய் வழியாகப் பெரும்படையுடன் தமிழகச் சமவெளியில் இறங்கிய நிகழ்ச்சியை, வரலாற்று நூல்கள் இரண்டாம் ஆங்கில மைசூர்ப் போரின் தொடக்கம் என்று குறிப்பிடுகின்றன. நான்கு ஆண்டுகள் நீடித்து 1784இல் மங்களூர் உடன்படிக்கையோடு முடிந்த அந்தப் போரில் எல்லைக்கோடுகள் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நின்றன. ஆனால் பாலாற்றுக்கும் கொசஸ்தலையாற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தில் வாழ்ந்த உழவரும் நெசவாளரும் போருக்கு முன்பிருந்த நிலைக்குத் திரும்பவே இல்லை. ஐதர் அலி போரைத் தேர்ந்ததற்கு வலுவான காரணங்கள் இருந்தன. ஆயினும் அவர் தேர்ந்த போர்முறை எதிரியைக் காட்டிலும் எதிரியின் நிலத்தில் குடியிருந்தவர்களையே அழித்தது என்பதும், அந்த அழிவின் பலனை இறுதியில் எதிரியே அறுவடை செய்தான் என்பதும் காஞ்சி வட்டாரத்தின் வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால் தெளிவாகும்.

அக்காலத்து ஆவணங்களில் வரும் இரு சொற்களை முதலில் விளக்குவது நல்லது. 'கர்நாடகம்' என்று அவை சொல்வது இன்றைய கர்நாடக மாநிலத்தை அன்று. ஆற்காட்டு நவாபின் ஆட்சிக்கு உட்பட்ட, கிழக்கு மலைத்தொடருக்குக் கீழே கடல்வரை பரந்த தமிழ்ச் சமவெளியை. மலைக்குக் கீழ்ப்பட்ட நாடு என்னும் பொருளில் இதற்குப் 'பாயன்காட்' என்றும் பெயர். 'ஜாகீர்' என்பது வரி வருவாயை ஒருவர் தம் செலவுக்கு எடுத்துக்கொள்ளும்படி ஆட்சியாளர் விட்டுக்கொடுக்கும் நிலப்பகுதி. நவாப் முகமது அலி வாலாஜா 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இவ்வாறு விட்டுக்கொடுத்த செங்கல்பட்டு ஜாகீரில் காஞ்சிபுரமும் அதன் சுற்றுக் கிராமங்களும் அடங்கியிருந்தன. எனவே 1780இல் காஞ்சி மக்கள் பெயரளவில் நவாபின் குடிகளாகவும், வரி கொடுப்பதில் கம்பெனியின் குடிகளாகவும் இருந்தனர். போர் தொடங்குவதா வேண்டாமா என்று முடிவெடுத்த மூன்று தரப்பாரில் எவரும் அவர்களைக் கேட்கவில்லை.

ஐதர் அலியின் மனக்குறை பழையது. 1752இல் திருச்சிராப்பள்ளிப் போரில் மைசூரின் துணையைப் பெற்ற முகமது அலி, அதற்கு ஈடாகத் திருச்சியைத் தருவதாகச் சொல்லிப் பின்னர் கைவிரித்தார். ஐதர் ஆட்சியைக் கைப்பற்றுவதற்கு முந்தைய செய்தி இது என்றாலும், நவாபின் சொல்லையும் அவரைத் தாங்கி நின்ற ஆங்கிலேயரின் சொல்லையும் மைசூர் அரசவை அதன்பின் நம்பியதில்லை. 1767இல் தொடங்கிய முதல் போரின் முடிவில், 1769ஆம் ஆண்டு ஐதர் தம் குதிரைப்படையுடன் சென்னையின் வாசல்வரை வந்து நின்று, கம்பெனியைத் தம் விருப்பப்படியான உடன்படிக்கைக்கு இணங்க வைத்தார். இருவரில் ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் துணைக்கு வரவேண்டும் என்பது அதன் உயிர்நாடி. ஆனால் அடுத்த ஆண்டே பேஷ்வா மாதவராவின் மராத்தியப் படைகள் மைசூரைச் சூறையாடத் தொடங்கியபோது சென்னையிலிருந்து ஒரு சிப்பாய்கூட வரவில்லை. ஒப்பந்தத்தை நம்பித் துணையை எதிர்பார்த்து நின்ற ஆட்சியாளர் ஒருவர், ஸ்ரீரங்கப்பட்டணத்தின் மதிலுக்குள் ஒடுங்கிக் கிடக்க நேர்ந்த அந்த நாள்களே 1780ஆம் ஆண்டு முடிவின் வேர் எனலாம்.

அதன் மேல் இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்தன. அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்சு கலந்துகொண்டதும், அதன் எதிரொலியாக 1778 அக்டோபரில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தனர். 1779 மார்ச் மாதத்தில் மலபார்க் கரையில் இருந்த மாகே துறைமுகத்தையும் கைப்பற்றினர். மாகே பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தாலும் தம் பாதுகாப்புக்கு உட்பட்டது என்று ஐதர் முன்கூட்டியே அறிவித்திருந்தார். துப்பாக்கியும் வெடிமருந்தும் மைசூருக்கு வந்து சேர்ந்த வழி அது. இதே காலத்தில் ஐதராபாத் நிஜாமின் தம்பி பசாலத் ஜங்கிடமிருந்து குண்டூரைக் குத்தகைக்கு எடுத்த சென்னைக் கவுன்சில், அங்கிருந்து தன் படையை ஐதரின் கடப்பை நிலத்தின் ஊடாக அனுமதி பெறாமலேயே அனுப்ப முயன்றது. இந்த ஒரே செயலால் நிஜாமும் ஐதரும் ஒருசேரப் பகையானார்கள். ஏற்கெனவே பம்பாய்க் கம்பெனியுடன் போரிட்டுக்கொண்டிருந்த பூனா மராத்தியரும் அவர்களோடு சேர, தென்னிந்தியாவின் மூன்று பெரிய அரசுகளும் 1780இன் தொடக்கத்தில் ஒரே அணியில் நின்றன.

போரைத் தவிர்க்கச் சென்னைக் கவுன்சில் எடுத்த முயற்சி மிகச் சிறியது. ஆளுநர் தாமஸ் ரம்போல்ட், தஞ்சையில் வாழ்ந்த ஜெர்மானியப் பாதிரியார் ஸ்வார்ட்ஸை 1779இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத் தூது அனுப்பினார். தென்னிந்திய மொழிகள் அறிந்தவர், காசு வாங்காதவர் என்ற நற்பெயர் அவருக்கு இருந்தது. ஐதர் அவரை மரியாதையுடன் நடத்தி, கம்பெனி மீறிய வாக்குறுதிகளை எடுத்துச்சொல்லித் திருப்பி அனுப்பினார். தூதரின் நேர்மையை மதித்தவர், அனுப்பியவர்களின் நேர்மையை நம்பவில்லை. ரம்போல்ட் 1780 ஏப்ரலில் பதவி விட்டு இங்கிலாந்து செல்ல, தற்காலிகப் பொறுப்பேற்ற ஒயிட்ஹில்லும் கவுன்சிலும் மைசூரில் படை திரள்வதாக வந்த செய்திகளைப் பொருட்படுத்தாமல் இருந்துவிட்டனர். மைசூரிலோ படை புறப்படுமுன் மசூதிகளிலும் கோயில்களிலும் வெற்றிக்காக வேண்டுதல்கள் நடந்தன என்று, பின்னாளில் மைசூர் வரலாற்றை எழுதிய மார்க் வில்க்ஸ் குறிப்பிடுகிறார். ஆத்திரத்தில் எடுத்த முடிவாக இதைக் கொள்ள முடியாது. கூட்டாளிகளைத் தேடி, காலம் பார்த்து, எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட படையைத் திரட்டி எடுத்த முடிவு.

ஆகஸ்ட் 10ஆம் நாள் பரங்கிமலைப் பகுதியில் மைசூர்க் குதிரைகள் தென்பட்டபோதுதான் சென்னை விழித்தது. தலைமைத் தளபதி ஹெக்டர் மன்றோ சென்னையில் இருந்தார். கர்னல் பெய்லியின் படை குண்டூரில் இருந்தது. இரண்டு படைகளும் எங்கே சேர்வது என்ற கேள்விக்குச் சென்னைக்கு அருகிலேயே சேரவேண்டும் என்று படை அதிகாரி மெக்லியோட் பிரபு கூறிய யோசனையை ஒதுக்கிவிட்டு, மன்றோ காஞ்சிபுரத்தைத் தேர்ந்தார். ஆற்காட்டை ஐதர் முற்றுகையிட்டிருந்ததால் ஆற்காட்டுக்கும் சென்னைக்கும் நடுவில் உள்ள ஊர் என்பது அவர் கணக்கு. காஞ்சிக்கு இது புதிதன்று. 1751இல் கம்பெனிப் படைத்தலைவர் கிளைவ் இவ்வூர்க் கோயிலைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்தார். 1757இல் கோயிலைத் தாக்கித் தோற்ற பிரெஞ்சுப் படை ஊருக்குத் தீ வைத்துவிட்டுப் போயிற்று. உயர்ந்த மதிலும் உள்ளே குளமும் உள்ள கோயில், பீரங்கி வந்தபின் படைத்தலைவர்களின் கண்ணுக்குக் கோட்டையாகவே தெரிந்தது. அவர்களின் முற்றுகைக்கு இடையில் தறி போட்டு வாழ்ந்த தெருக்கள் தெரியவில்லை.

பெய்லி ஆகஸ்ட் 25ஆம் நாள் கொசஸ்தலையாற்றின் வடகரையை அடைந்தபோது ஆற்றில் நீர் குறைவு. அன்று கடக்காமல் கரையிலேயே முகாமிட்டார். இரவில் வெள்ளம் வந்துவிட, செப்டம்பர் தொடக்கம்வரை அக்கரையிலேயே கிடந்தார். அந்தப் பத்து நாள்களில் ஐதர் ஆற்காட்டு முற்றுகையை விட்டு எழுந்து இரு படைகளுக்கும் நடுவே வந்து அமர்ந்தார். செப்டம்பர் 6ஆம் நாள் பேரம்பாக்கத்தில் ஐதரின் மகன் திப்பு, பெய்லியைத் தாக்கினார். காஞ்சியில் இருந்த மன்றோ முழுப்படையுடன் நகராமல் பிளெட்சர் தலைமையில் சுமார் ஆயிரம் பேரை மட்டும் அனுப்பினார். அரும்பாடுபட்டுச் சேர்த்த உணவைக் கோயிலுக்குள் வைத்துவிட்டு நகர்ந்தால் அதுவும் போய்விடும் என்ற அச்சம் அவரைக் கட்டிப்போட்டது. நவாப் தருவதாகச் சொன்ன உணவும் மாடுகளும் வந்து சேரவில்லை. படை உண்ட நெல் காஞ்சிச் சுற்றுவட்டாரத்து நெல் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

செப்டம்பர் 9ஆம் நாள் மாலை பேரம்பாக்கத்திலிருந்து புறப்பட்ட பெய்லியின் படை, இரவில் வழியிலேயே தங்கியது. மறுநாள் காலை காஞ்சிக்கு வடக்கே புள்ளலூரை நெருங்கியபோது மைசூர்ப் பீரங்கிகளும் இரும்புக் குழாயில் வெடிமருந்து அடைத்து ஏவும் வாணங்களும் மூன்று பக்கமும் பொழிந்தன. பின்னாளில் ஐரோப்பாவில் ராக்கெட் செய்வதற்கு முன்மாதிரியானவை இவ்வாணங்களே. வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்ததும் சிப்பாய்களின் அணி குலைந்தது. மிஞ்சியவர்கள் சதுர அணி வகுத்துப் பல தாக்குதல்களைத் தாங்கினர்; இறுதியில் பெய்லி சரணடைந்தார். 86 ஆங்கில அதிகாரிகளில் 36 பேர் இறந்தனர், மற்றவர் சிறைப்பட்டனர். நான்காயிரத்தை நெருங்கிய அப்படையில் பெரும்பான்மையோர் தமிழும் தெலுங்கும் பேசிய சிப்பாய்கள். அதிகாரிகளின் சாவைத் தலையெண்ணிப் பதிந்த ஆவணங்கள் இவர்களை ஒட்டுமொத்தமாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றன. சில மைல் தொலைவில் வெடிச்சத்தத்தையும் புகையையும் கண்ட மன்றோ, செய்தி தெரிந்ததும் காஞ்சிக்குத் திரும்பித் தம் கனரகப் பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

புள்ளலூர் என்னும் பெயர் போர்க்களமாகக் கேட்கப்பட்டது அதுவே முதல்முறை அன்று. தன் முதன்மைப் பகைவரைப் புள்ளலூரில் முதலாம் மகேந்திரவர்மன் வென்றதாகப் பல்லவரின் காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் 634ஆம் ஆண்டு ஐகொளெக் கல்வெட்டோ, பல்லவ மன்னனைக் காஞ்சி மதிலுக்குள் ஒளியச் செய்ததாகப் பெருமை பேசுகிறது. இருவரும் வென்றதாகச் சொல்லிக்கொண்ட அந்தப் பகை, மகேந்திரவர்மனின் மகன் மாமல்லன் நரசிம்மவர்மன் 642 அளவில் சாளுக்கியத் தலைநகர் வாதாபியை அழித்ததில் போய் நின்றது. நூறு ஆண்டுகள் கழித்துப் பழிதீர்க்க வந்த சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். ஆனால் ஊரை அழிக்கவில்லை. கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதை அந்தக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததை அக்கோயில் மண்டபத் தூணில் கன்னடத்தில் பொறித்துவைத்தான். அந்த எழுத்து இன்றும் அங்கே இருக்கிறது. மன்னர் புகழ்பாட்டைக் கழித்துப் பார்த்தாலும், வென்ற ஊரை அழிக்காமல் விடுவதும் பெருமைக்குரிய செயலாக ஒருகாலத்தில் கருதப்பட்டது என்பதற்கு அத்தூண் சான்று. மைசூரிலிருந்து 1780இல் வந்த படை இதே ஊரை அணுகிய முறை முற்றிலும் வேறு. அதற்கு ஐதரின் இயல்பைக் காட்டிலும் அவர் எதிர்கொண்ட எதிரியின் இயல்பே காரணம்.

கம்பெனியின் பலம் கடலில் இருந்தது. சென்னைக் கோட்டைக்கு வங்காளத்திலிருந்து கப்பலில் பணமும் அரிசியும் ஆளும் வந்துகொண்டே இருக்கும். ஐதரிடம் அதைத் தடுக்கும் கடற்படை இல்லை. அதே சமயம் கம்பெனிப் படை கோட்டையை விட்டு வெளியே வந்தால் அதற்குக் குதிரைப்படை போதாது. பீரங்கி இழுக்கவும் அரிசி சுமக்கவும் உள்ளூர் மாடுகளையும், உண்ண உள்ளூர் நெல்லையும் நம்பியே அது நகர்ந்தாக வேண்டும். ஆகவே சென்னையைச் சுற்றி மாடும் நெல்லும் ஆளும் இல்லாத வெற்று நிலம் ஒன்றை உண்டாக்கிவிட்டால் கம்பெனிப் படை கோட்டைக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும் என்பது ஐதரின் திட்டம். பழவேற்காடு ஏரியிலிருந்து புதுச்சேரி அருகுவரை, கடலோரத்திலிருந்து உள்நாட்டில் 30 முதல் 35 மைல்வரை ஊர்களைக் கொளுத்தி அழிக்க அவர் ஆணையிட்டதாக வில்க்ஸ் விவரிக்கிறார். படைத்தொழில் நோக்கில் இத்திட்டம் பலித்தது. 1780 நவம்பரில் வங்காளத்திலிருந்து வந்து சேர்ந்த கம்பெனித் தளபதி அயர் கூட், 1781 ஜூலை 1இல் பரங்கிப்பேட்டையிலும், ஆகஸ்ட் 27இல் அதே புள்ளலூரிலும், செப்டம்பர் 27இல் சோளிங்கரிலும் ஐதருடன் மோதித் தம் பக்கம் வெற்றி என்று அறிவித்தும், சில நாள் அரிசிக்கு மேல் சுமக்க மாடில்லாமல் ஒவ்வொரு முறையும் கடலோரம் திரும்ப வேண்டியதாயிற்று.

வெற்று நிலம் என்று படைத்தலைவர் வரைபடத்தில் குறித்த இடத்தில் இருந்தது என்ன என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பு வரலாற்றில் அரிதாகக் கிடைத்திருக்கிறது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் கம்பெனிப் பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீரின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து, ஊர்தோறும் நிலம், ஏரி, தோப்பு, குடிகள், அவரவர் தொழில் ஆகியவற்றைக் கணக்கெடுத்தார். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதித் தந்த விவரங்களே அதன் அடிப்படை. கோயிலுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் தச்சனுக்கும் கொல்லனுக்கும் வெட்டியானுக்கும் விளைச்சலிலிருந்து இன்ன பங்கு என்று ஒதுக்கியிருந்த ஒழுங்கை அக்கணக்குகள் காட்டுகின்றன. போர் வருவதற்குச் சரியாக ஆறு ஆண்டுகளுக்கு முன் முடிந்த இந்தக் கணக்கெடுப்பு, அழியப்போகும் ஒரு நாட்டின் கடைசிப் படம்போல அமைந்துவிட்டது.

அந்நாட்டின் வேளாண்மை ஏரியால் ஆனது. பாலாறு ஆண்டில் சில நாள்களே ஓடும். அந்த நீரையும் மழைநீரையும் தென்னேரி போன்ற பெரிய ஏரிகளும் ஊருக்கு ஊர் இருந்த சிற்றேரிகளும் பிடித்துவைத்து மதகு வழியே வயலுக்கு விட்டன. ஏரி, கட்டிவிட்டு மறந்துவிடக்கூடிய பொருளன்று. ஆண்டுதோறும் கோடையில் வண்டல் அள்ளி, கரையில் விழுந்த ஓட்டையை அடைத்து, கலங்கலைச் சீராக்கி, மழைக்காலத்தில் இரவு பகலாகக் கரையைக் காவல் காக்க ஊரே கூடவேண்டும். இதற்குக் குடிமராமத்து என்று பெயர். இரண்டு மழைக்காலம் ஊரில் ஆளில்லை என்றால் கரை உடையும். கரை உடைந்தபின் திரும்பி வருபவனுக்கு நிலம் இருக்கும், நீர் இருக்காது. எரிந்த கூரையை ஒரு மாதத்தில் வேய்ந்துவிடலாம். உடைந்த ஏரியைக் கட்ட, ஊர் மீண்டும் ஊராகியிருக்க வேண்டும். போர் முடிந்து பத்தாண்டுக்குப் பின், 1794இல் ஜாகீரின் கலெக்டராக வந்த லயோனல் பிளேஸின் முதன்மையான வேலைகளில் ஒன்று ஏரிகளைப் பழுதுபார்ப்பதாக இருந்ததற்கு இதுவே காரணம்.

நெசவுக்கும் ஊர் வேண்டும். தறி வீட்டுக்குள் ஓடினாலும் தறிக்கு முந்தைய வேலை தெருவில் நடப்பது. துணியின் நீளவாக்கில் ஓடும் இழைகளைப் பாவு என்றும், குறுக்கே செல்வதை ஊடை என்றும் நெசவாளர் சொல்வர். பருத்திப் பாவைத் தெருவின் நீளத்துக்கு விரித்து, கவைக்கோல்களில் தாங்கவிட்டு, வெயில் ஏறுவதற்குள் அரிசிக் கஞ்சி தோய்த்து, தூரிகையால் நீவி, இழை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து உலர்த்த வேண்டும். ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமில்லை. பக்கத்து வீட்டார் எழுந்து வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்தால்தான் பாவு தறி ஏறும். கஞ்சி குடிக்கவே அரிசி இல்லாத பஞ்சத்தில் பாவுக்குக் கஞ்சி ஏது? குதிரைவீரர் எப்போது வருவார் என்று தெரியாத தெருவில் பாவு விரிப்பவர் யார்? கைக்கோளர், சாலியர், சேணியர் என நெசவில் வாழ்ந்த சமூகங்கள் காஞ்சியைச் சுற்றிய பேட்டைகளிலிருந்து அகன்றன. கம்பெனியின் துணி வணிகமே இதனால் அடிவாங்கியது. கம்பெனிக்கோ வாங்க வேறு இடங்கள் இருந்தன.

ஊரை விட்டு வெளியேறுவது தமிழகத்து உழைப்பாளரின் பழைய உரிமை. வரி மிகும்போது குடிகள் ஊரைக் காலிசெய்து அடுத்த நாட்டுக்குப் போய்விட, ஆட்சியாளர் வரியைக் குறைத்து அவர்களைத் திரும்ப அழைத்ததை விஜயநகரக் காலத்துக் கல்வெட்டுகள் பல சொல்கின்றன. சங்கும் தண்டும் பயன்படுத்தும் சிறப்புரிமை பெற்றவர்களாக அக்காலக் கல்வெட்டுகளில் காஞ்சிக் கைக்கோளர் தோன்றுவதும், அவர்கள் இல்லாமல் ஊர் நடக்காது என்ற நிலையால்தான். இந்த எண்ணத்தைக் காஞ்சியின் சமய மரபு மிக உயர்ந்த இடத்தில் வைத்துப் போற்றுகிறது. தன்னைப் பாட மறுத்த கணிகண்ணனைப் பல்லவ மன்னன் நாடுகடத்த, அவனுடைய குருவான திருமழிசை ஆழ்வார் உடன் கிளம்பினார் என்றும், ஆழ்வார் சொற்படி திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்னே நடந்தார் என்றும் வரலாறு கூறுவர். ஊர் இருண்டது, மன்னன் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டு மூவரையும் அழைத்து வந்தான். அவர்கள் ஓர் இரவு தங்கிய பாலாற்றங்கரை இடமே 'ஓரிரவிருக்கை'. அது மருவி ஓரிக்கை ஆயிற்று. இன்று காஞ்சி நகரத்தோடு ஒட்டிப் பட்டுத்தறிகள் ஓடும் ஓரிக்கையின் பெயருக்குள், ஆள்பவன் செய்த தவற்றுக்கு ஊரைக் காலிசெய்வது தகுந்த மறுமொழி என்னும் நம்பிக்கை பொதிந்திருக்கிறது.

1780இல் வெளியேறியவர்களைத் திரும்ப அழைக்க எந்த மன்னனும் வரவில்லை. சிலர் தெற்கே போனார்கள். ஆனால் 1781இல் மைசூர்ப் படை காவிரி நாட்டையும் அழித்தது. தஞ்சை வட்டாரம் அதை 'ஐதர் கலாபம்' என்று நெடுநாள் நினைவில் வைத்திருந்தது. அங்கிருந்து ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியர் மைசூருக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வரப்போவதை முன்னுணர்ந்து நெல் வாங்கிச் சேர்த்துவைத்திருந்த ஸ்வார்ட்ஸ் பாதிரியார் தம்மால் இயன்றவரை பசித்தவருக்குச் சோறிட்டார். வடக்கே வாழ்ந்தோரில் மிகுதியானோர் சென்னைக்கே ஓடினர். இதுவே இப்போரின் மிகக் கொடிய முரண்: கம்பெனியை ஒடுக்குவதற்காக ஐதர் நிலத்தைக் காலிசெய்தார், காலிசெய்யப்பட்ட மக்கள் கம்பெனியின் கோட்டை நிழலில் போய் விழுந்தார்கள்.

சென்னையில் அவர்களுக்கு உணவில்லை. 1782இல் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சப்ரேன் சோழமண்டலக் கரையிலும் இலங்கைக் கரையிலுமாக ஆங்கிலக் கப்பல்களுடன் நான்கு முறை போரிட்டார். அரிசிக் கப்பல்களின் வரவு தட்டுப்பட்டது. அக்டோபர் நடுவில் அடித்த புயலில் சென்னைத் துறையில் நின்ற தானியக் கலங்கள் நொறுங்கின. தெருவில் செத்துக் கிடந்தவர்களை வண்டியில் ஏற்றி நகருக்கு வெளியே குழிகளில் புதைத்தனர். ஆளுநர் மக்கார்ட்னி ஏதிலிகளில் ஒரு பகுதியினரை உணவு கிடைக்கும் வடக்கு மாவட்டங்களுக்கு அனுப்பினார். கோட்டைக்கு வெளியே இந்தியர் வாழ்ந்த கறுப்பர் நகரத்தின் வடக்கே மணியக்காரர் பொறுப்பில் கஞ்சி ஊற்றும் இடம் ஒன்று உருவாகி, மணியக்காரர் சத்திரம் என்று பெயர் பெற்றது. மக்கள் அதைக் கஞ்சித்தொட்டி என்றனர்.

ஐதர் தம் முடிவின் பலனை உயிரோடு இருக்கும்போதே எடைபோட்டிருக்கிறார். நிலத்தில் ஆங்கிலேயரை எத்தனை முறை தோற்கடித்தாலும் கடலை வற்றவைக்கத் தம்மால் முடியாது என்று தம் அமைச்சர் பூர்ணையாவிடம் அவர் வருந்திக் கூறியதாக வில்க்ஸ் எழுதுகிறார். பகைவரின் நாட்டவர் ஒருவர் எழுதியது என்பதால் இதை எச்சரிக்கையுடனேயே கொள்ளவேண்டும். ஆயினும் அன்றைய நிலவரம் அதற்கு ஒத்தே இருந்தது. நிஜாம் அணியிலிருந்து முன்பே நழுவியிருந்தார். மராத்தியர் 1782 மே மாதத்தில் சால்பாய் உடன்படிக்கையால் கம்பெனியோடு சமாதானம் செய்துகொண்டனர். முதுகில் எழுந்த ராஜபிளவையால் 1782 டிசம்பர் 7ஆம் நாள் சித்தூருக்கு அருகே போர்முகாமிலேயே ஐதர் இறந்தார். திப்பு மேற்கொண்டு நடத்திய போர், 1784 மார்ச் 11இல் மங்களூரில் முடிந்தது. பிடித்ததை இருவரும் திருப்பிக் கொடுப்பது என்பது உடன்பாடு; பாயன்காட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட குடிகளைத் திரும்பவிடுவது பற்றியும் அதில் ஒரு விதி இருந்தது. திரும்பி வர அவர்களுக்கு ஊர் இருந்ததா என்பதை எந்த உடன்படிக்கையும் தீர்க்க முடியாது.

அரசியல் விளைவும் குடிகளுக்கு எதிராகவே அமைந்தது. போர்ச்செலவைக் காட்டி 1781 டிசம்பரில் கம்பெனி நவாபின் கர்நாடக வருவாய் முழுவதையும் தன் கையில் எழுதி வாங்கியது. இடையில் திருப்பிக் கொடுத்தாலும், அந்தப் பிடி 1801இல் நவாபின் நாடு முழுவதையும் விழுங்கியதில் முடிந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீரங்கப்பட்டணமும் வீழ்ந்திருந்தது; மதிலைத் தகர்த்து நுழைந்த படைக்குத் தலைமை தாங்கியவர், புள்ளலூரில் பிடிபட்டு மூன்றரை ஆண்டுக்கு மேல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே சிறையிருந்த டேவிட் பெய்ர்டு. இதன்பின் நெசவாளரின் பழைய ஆயுதமும் முனை மழுங்கியது. நவாபின் ஊரில் தறிவரி மிகுந்தால் தஞ்சை அரசரின் ஊருக்கோ பாளையக்காரரின் ஊருக்கோ போகலாம் என்றிருந்த நாள் போயிற்று. எந்த ஊருக்குப் போனாலும் அங்கே வரி கேட்பதும் கம்பெனி, துணிக்கு விலை வைப்பதும் கம்பெனி. ஐதர் அலி போருக்குக் கிளம்பியபோது தடுக்க நினைத்தது இந்த ஒரே ஆதிக்கத்தைத்தான். நியாயம் அவர் பக்கம் இருந்தது என்று சொல்ல இடமுண்டு. குடிகளை எரித்து எடுத்த வெற்றியை அந்நியாயம் தாங்காது என்றும் சொல்லியாக வேண்டும். சென்னைக் கவுன்சிலின் பொறுப்பும் இதில் குறைந்ததன்று: வாக்கை மீறியதும், தூதை வீணாக்கியதும், காவல் காக்க வேண்டிய ஜாகீரைக் கைவிட்டு ஓடியதும் அது.

புள்ளலூர் வெற்றியைத் திப்பு, ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பெரிய ஓவியமாகத் தீட்டச் செய்தார். ஐதரும் திப்புவும் படையுடன் வர, சதுர அணியின் நடுவே பல்லக்கில் பெய்லி அமர்ந்திருக்கும் அந்த ஓவியத்தைச் சுற்றுலா வருவோர் இன்றும் நின்று பார்க்கின்றனர். புள்ளலூர் வயல்களுக்கு இடையில் 1781ஆம் ஆண்டுப் போரில் இறந்த இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்கு எழுப்பிய நினைவுத்தூண்கள் நிற்கின்றன. எரிந்த ஊர்களுக்கும் செத்த சிப்பாய்களுக்கும் குழியில் புதைந்த நெசவாளருக்கும் உழவருக்கும் தூணோ ஓவியமோ இல்லை. மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி 1799இல் தொடங்கிய மருத்துவமனை வளர்ந்து ஸ்டான்லி மருத்துவமனை ஆயிற்று. வடசென்னையில் வயதானவர்கள் அதை இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள்.